நட்சத்திரம் காட்டாத அத்தோ கடை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற பிறகு, வீட்டில் உள்ளவர்கள் அதனிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று "பக்கத்தில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். பிரவுசரைத் திறக்கிறோம். உணவின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுகிறோம். ஒரு நொடியில் பத்துப் பதினைந்து கடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் நட்சத்திரங்கள். அதிக நட்சத்திரம் வாங்கிய கடையைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறோம்.

தோசைக்கும் பிரியாணிக்கும் இந்த வழி ஓரளவு போதும். அவற்றின் ருசி நமக்கே தெரியும். கடை சரியில்லை என்றால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் வேறு நாட்டிலிருந்து வந்த ஓர் உணவை அதன் உண்மையான ருசியில் சாப்பிட நினைத்தால், நட்சத்திரங்களை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. நட்சத்திரம் என்பது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதற்கான கணக்கு. எது அசல் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. "டிம் சம்" என்று சீன உணவு ஒன்று உண்டு. ஹாங்காங், குவாங்சோ பகுதிகளின் தேநீர்க் கடைகளில் காலை முதல் மதியம் வரை தேநீருடன் சாப்பிடும் சிறு சிறு பலகாரங்களுக்கு இந்தப் பொதுப் பெயர். மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்தவையும் அதில் உண்டு, பொரித்தவையும் உண்டு, முள்ளங்கியில் செய்ததும் உண்டு. தாம்பரம் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்து நான் இதைத் தேடியபோது, எனக்கு வந்தவை பெரும்பாலும் மோமோ கடைகள். மோமோ என்பது திபெத், நேபாளப் பக்கத்து உணவு. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒரே மாதிரியான கொழுக்கட்டை என்று எடுத்துக்கொண்டது. மோமோ கடைகளின் நட்சத்திரங்களில் தவறில்லை. நான் கேட்ட பொருள் வேறு, அவ்வளவுதான்.

டிம் சம்மின் ருசிக்கு ஹாங்காங் வரை போய் ஒப்பிட்டுப் பார்க்க நம்மால் முடியாது. ஆனால் நம் ஊரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஓர் அயல்நாட்டு உணவு இருக்கிறது. அதுதான் பர்மா அத்தோ. தென் சென்னைப் புறநகரில் நல்ல அத்தோ கடையைக் கம்ப்யூட்டர் மூலம் எப்படித் தேடுவது என்பதை வைத்தே இந்தக் கட்டுரையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

அத்தோ வந்த வழி

பர்மிய மொழியில் "அதோக்" என்றால் கையால் கலந்து பிசைந்தது என்று பொருள். அந்தச் சொல்தான் நம் ஊரில் அத்தோ ஆனது. பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். 1962ஆம் ஆண்டு ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964ஆம் ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. வியாபாரத்தையும் சேமிப்பையும் இழந்த இந்தியக் குடும்பங்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969ஆம் ஆண்டு கடற்கரை ரயில் நிலையம் அருகே உருவானதுதான் பர்மா பஜார். சிடி, பென் டிரைவ், ஹெட்போன் வாங்க அங்கே போயிருக்கும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அந்தப் பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலைப் பகுதியில்தான் மாலை நேர அத்தோ கடைகள் பெயர் பெற்றன. அங்கிருந்து வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளுக்கும், பிறகு நம் பக்கத்துக்கும் அத்தோ வந்து சேர்ந்தது.

முதலில் அளவுகோல் வேண்டும்

புதிதாகப் பிரின்டர் வாங்கினால் முதலில் ஒரு டெஸ்ட் பேஜ் அச்சிட்டுப் பார்க்கிறோம். அதுபோல, தேடத் தொடங்கும் முன் ஒருமுறையாவது அசல் ருசி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அது போய் நிற்கும் கடைசி நிலையமே கடற்கரைதான். வெளியே வந்தால் பர்மா பஜார். ஒரு தட்டு அத்தோ சாப்பிட்டுவிட்டு, கடைக்காரர் செய்யும் விதத்தையும் கவனித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் தேடினால், நீங்கள் தேடுவது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. அத்தோவைக் கல்லில் வதக்குவதில்லை. ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்து ஆறிய நூடுல்ஸை, மெல்லிய முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், உப்பு சேர்த்து, நீங்கள் கேட்ட பிறகு கையால் பிசைந்து தருவார்கள்.

2. பொரித்த வெங்காயமும், பூண்டு மணக்கும் எண்ணெயும் இருக்கும். அத்தோவின் வாசனையே இதில்தான் இருக்கிறது.

3. "பேஜோ" என்று தட்டை போன்ற ஒரு மொறுமொறு பலகாரம். அதை நொறுக்கி மேலே தூவுவார்கள்.

4. வாழைத்தண்டு போட்ட சூப். பர்மாவின் மோஹிங்கா என்ற மீன் குழம்பின் சைவ வடிவம் இது. சிறு கிண்ணத்தில் கூடவே வரும்.

5. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் காரமும் வைத்த முட்டை மசாலா.

இந்த இடத்தில் சிலர், "பர்மாவில் கருவாட்டு மணமும் கடலை மாவும் சேர்ப்பார்களே, சென்னை அத்தோ எப்படி அசல் ஆகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரங்கூனில் சாப்பிட்டவர்களுக்கு இது அசல் ஆகாமல் இருக்கலாம். ஆனால் இங்கே கிடைத்த பொருள்களை வைத்து, இங்கே உள்ளவர்களின் நாக்குக்கு ஏற்ப, சுமார் 60 ஆண்டுகளாகக் கைமாறி வந்த ருசி இது. நாம் தேடுவது இந்தச் சென்னை அசலைத்தான். சாஸ் ஊற்றி, எல்லாவற்றையும் ஒரே வாணலியில் வதக்கி, "பர்மா" என்று பெயர் மட்டும் வைத்த நூடுல்ஸ் நமக்கு வேண்டாம்.

எந்தச் சொல்லில் தேடுவது?

அத்தோ என்ற பெயருக்கு ஒரே எழுத்து முறை கிடையாது. தமிழில் "அதோ" என்று அடித்தால், பழைய சினிமாப் பாட்டுகள்தான் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு டி போட்டு எழுதுபவர்களும் உண்டு, இரண்டு டி போடுபவர்களும் உண்டு, கடைசியில் ஓ எழுத்தை இரண்டு முறை அடிப்பவர்களும் உண்டு. கடைக்காரர் தன் பலகையில் எப்படி எழுதியிருக்கிறாரோ, சாப்பிட்டவர் எப்படி டைப் செய்தாரோ, அப்படித்தான் அது இன்டர்நெட்டில் பதிவாகியிருக்கும். எனவே ஒரே ஒரு முறை தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். "பர்மா அத்தோ", "அத்தோ கடை", "பேஜோ", "பர்மா உணவு" எனச் சொற்களை மாற்றி மாற்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள்.

இரண்டு எளிய உத்திகள் உள்ளன. தேடும் சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களை கூகுள் தேடும். ஒரு சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும். அத்தோ தேடும்போது பாட்டுகள் தொல்லை கொடுத்தால் "பாடல்" என்ற சொல்லைக் கழித்துவிடலாம்.

அடுத்தது ஊர்ப் பெயர். மொபைல் போன் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்துகொள்கிறது. மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. இணைப்பின் முகவரியை வைத்து அது உங்கள் இடத்தை ஊகிக்கும். நீங்கள் சேலையூரில் உட்கார்ந்திருக்க, அது நகரின் வேறு மூலையில் உள்ள கடைகளைக் காட்டலாம். எனவே "அருகில்" என்று போடாமல் ஊர்ப் பெயரையே கொடுங்கள். அதிலும் ஒரு சங்கதி உண்டு. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலான பேரூராட்சிகளும் அதில் சேர்ந்துவிட்டன. ஆனால் மக்கள் இன்றும் பழைய ஊர்ப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். எனவே தாம்பரம் என்று மட்டும் தேடாமல், ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடுவது நல்லது.

நட்சத்திரக் கணக்கு

இப்போது சில கடைகள் கிடைத்துவிட்டன. நட்சத்திரத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு சிறு கணக்கு போடுவோம்.

ஒரு கடைக்கு 10 பேர் மதிப்பெண் கொடுத்து, சராசரி 4.0 என்று இருக்கிறது. மொத்தம் 40. கடைக்காரரின் உறவினர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 5 நட்சத்திரம் போட்டால், மொத்தம் 65. அதை 15 பேரால் வகுத்தால் 4.3. ஒரே மாலையில் கடை மேலே போய்விட்டது. அதே 4.0 சராசரி 500 பேர் கொடுத்ததாக இருந்தால்? அந்த ஐந்து பேர் சேர்ந்த பிறகும் 4.0 என்றே இருக்கும். எனவே நட்சத்திரத்தின் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் இருக்கும் எண்ணிக்கையைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

பொய்யான விமர்சனங்கள் எல்லா நாட்டிலும் பிரச்சினைதான். இந்திய தர நிர்ணய அமைப்பு 2022ஆம் ஆண்டு நவம்பரில், இன்டர்நெட் விமர்சனங்களைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. வெளியிட்டபோது அது கட்டாயம் ஆக்கப்படவில்லை, விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. ஆக, எச்சரிக்கையாகப் படிக்கும் பொறுப்பு நம்முடையது.

நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதையும் படியுங்கள். தள்ளுவண்டி அத்தோ கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் பலர் எழுதும் காரணம் "உட்கார இடமில்லை", "கார் நிறுத்த முடியவில்லை" என்பதாக இருக்கும். இதற்கும் ருசிக்கும் தொடர்பில்லை. ஆனால் "முட்டைகோஸ் வாடியிருந்தது", "தண்ணீர் சுத்தமில்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அதைத் தள்ளிவிடக் கூடாது. அத்தோவில் பச்சைக் காய்கறி சேர்கிறது, கையால் பிசைகிறார்கள், சூடாக்குவதும் இல்லை. இங்கே சுத்தம் மிக முக்கியம். அசல் ருசி என்ற பெயரில் அழுக்கை மன்னிக்க வேண்டியதில்லை. விமர்சனங்களை "புதியவை முதலில்" என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் கடையின் இன்றைய நிலை தெரியும்.

எழுத்தைவிடப் படம் நம்பகமானது. வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைத் திறந்து, மேலே சொன்ன ஐந்து அடையாளங்களைத் தேடுங்கள். சூப் கிண்ணம் இருக்கிறதா? பேஜோ கண்ணில் படுகிறதா? பிசைவதற்கு அகலமான பாத்திரம் இருக்கிறதா, அல்லது புகை கிளம்பும் வாணலி மட்டும்தானா? "சூப்பர்", "நைஸ்" என்ற நூறு விமர்சனங்களைவிட, மங்கலாக எடுத்த ஒரு படம் அதிகம் சொல்லும்.

வீட்டுக்கே வரவழைக்கும் ஆப்களில் அத்தோ தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்பில் பார்க்கும் பத்துக் கடைப் பெயர்களில் சில, ஒரே சமையலறையிலிருந்து வருபவையாக இருக்கலாம். அது போகட்டும். பிசைந்து அரை மணி நேரம் ஆன அத்தோவில் பேஜோ நமுத்துவிடும், முட்டைகோஸ் நீர் விட்டுவிடும். எவ்வளவு நல்ல கடையிலிருந்து வந்தாலும் அது அத்தோ ஆகாது.

வரைபடத்தில் இல்லாத கடை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்ன எல்லா உத்திகளையும் பயன்படுத்தினாலும், வரைபடத்தில் ஏறாத கடை உங்கள் கம்ப்யூட்டரில் வராது. கூகுள் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் வியூ என்ற தெருக் காட்சி வசதி, 2022ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை உட்பட இந்தியாவின் பத்து நகரங்களில் தொடங்கியது. ஆனால் அந்தப் படங்கள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்படுபவை. அத்தோ வண்டி வருவது மாலையில். எனவே தினமும் கூட்டம் நிற்கும் இடமும் அந்தப் படத்தில் வெறும் நடைபாதையாகத்தான் தெரியும்.

கிழக்குத் தாம்பரம் பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. கடைக்காரரின் பாட்டி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். மேலே சொன்ன ஐந்து அடையாளங்களும் அங்கே உண்டு. இன்டர்நெட்டில் மட்டும் அந்தக் கடை இல்லை. "மேப்பில் போடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போடுங்க சார். ஆனா போன் நம்பர் வேணாம். அம்பது தட்டுக்கு மேல சூப்பு பத்தாது. கூட்டம் வந்து திரும்பிப் போனா, அதுக்கும் ஒரு ஸ்டார்தான் போடுவாங்க" என்றார்.

சற்று யோசித்துவிட்டு, "போலீஸ், கார்ப்பரேஷன் யாராவது பார்த்துட்டு வந்து வண்டிய எடுன்னு சொன்னா என்ன சார் பண்றது?" என்றும் கேட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்த இரண்டு பயமும் தோன்றுவதே இல்லை. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் இதற்கென்று வியாபாரக் குழு இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. அதை அவரிடம் சொன்னேன். தன் கணக்கெடுப்பு முடிந்து அட்டை வந்த பிறகு மேப்பில் போடலாம் என்று அவர் முடிவு செய்தார். அதுவரை நானும் போடவில்லை. ஆகவே அந்த இடத்தை இங்கேயும் நான் எழுதவில்லை.

நட்சத்திரங்களுக்கும் அசலுக்கும் உள்ள இடைவெளி இதுதான். ஆங்கிலத்தில் பெயர்ப் பலகை, நல்ல போட்டோ, பதில் எழுத ஒரு பையன் என்று வைத்திருக்கும் கடை மேலே வருகிறது. பாட்டியிடம் கற்றதைச் செய்யும் கடை பட்டியலிலேயே இல்லை. பர்மாவிலிருந்து வந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பட்டியலில் வருவதுதான் அத்தோ என்று புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் நினைத்துவிட்டால், இன்னும் சில ஆண்டுகளில் வாணலி நூடுல்ஸே அத்தோ ஆகிவிடும். பிறகு எந்த உத்தியைப் போட்டுத் தேடினாலும் பழைய ருசி கிடைக்காது.

இதை மாற்றுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கம்ப்யூட்டர் தேடுவதற்கு மட்டும் அல்ல, எழுதுவதற்கும்தான். உங்கள் தெருவில் நல்ல அத்தோ கடை இருந்தால், முதலில் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அவர் சம்மதித்தால், கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, கடை நிற்கும் இடத்தில் மவுஸால் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில், விடுபட்ட இடத்தைச் சேர்க்கும் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பெயரைத் தமிழில் எழுதுங்கள். கடை திறக்கும் நேரத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள். விண்டோசின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால், ஆங்கில ஒலிப்பு முறையிலேயே தமிழ் டைப் செய்யலாம். தனியாக சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை.

விமர்சனம் எழுதும்போது "சூப்பர்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். கையால் பிசைந்து தருகிறாரா, சூப்பில் வாழைத்தண்டு இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும், இடம் சுத்தமாக இருக்கிறதா என்று நான்கு வரி எழுதுங்கள். சூப்பின் படம் ஒன்றும் போடுங்கள். அடுத்து தேடுகிறவர் உங்களைப் போலவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவராக இருக்கலாம். அவர் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் எழுதிய அந்த நான்கு வரிகள்தான் அவரைச் சரியான வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.